சர்க்கரைக் கை

அத்தியாயம் 14

"நீ பார்த்த பொண்ணையே பேசி முடிக்கிறேண்டா" என்று போன வாரம் கொளஞ்சியம்மாள் சொன்னதும் மகன் தமிழ்செல்வன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினானே, நினைவிருக்கிறதா? நீங்களும் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். பாவம், அவனும் அப்படித்தான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான்.

தமிழ்செல்வன் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை சூப்பர்வைசர். அதே கம்பெனியில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவள் கவிப்ரியா. கருவேப்பிலங்குறிச்சிப் பெண். கொளஞ்சிக்கோ, பெண்ணாடத்தில் பத்து ஏக்கர் கரும்பு போட்டிருக்கும் தன் தம்பியின் மகள் மோகனப்பிரியாவைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆசை. முடியாது என்று தானே சொன்னால் மகன் வீட்டைவிட்டே போய்விடுவான். மறுப்பு தன் வாயிலிருந்து வரக் கூடாது. வேறு எங்கிருந்தாவது வர வேண்டும்.

அதைத் தேடித்தான் வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு விருத்தாசலம் கடைவீதி மருந்துக்கடையில் போய் நின்றாள்.

"வூட்டுலயே சக்கர பாக்குற மிஷினு ஒண்ணு வேணும். உள்ளதுலயே வெல கம்மியா."

கடைக்காரர் கோகுலகிருஷ்ணன் மூன்று பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது ஐநூத்தம்பது. இது எண்ணூறு. இது ஆயிரத்து முந்நூறு. ஆனா மிஷினு வெலயப் பாக்காதீங்கம்மா, அது ஒருதரம் வாங்குறது. ஸ்ட்ரிப்பு வெலயக் கேளுங்க. அதத்தான் காலம் பூரா வாங்கணும். ஐநூத்தம்பது மிஷினுக்கு ஒரு ஸ்ட்ரிப்பு இருவத்தெட்டு ரூவா ஆவுது. எண்ணூறு மிஷினுக்குப் பன்னெண்டு ரூவாதான். வாரத்துக்கு ரெண்டு தடவ குத்துனாலும் ஆறே மாசத்துல வித்தியாசம் தெரிஞ்சிடும்."

"ஐநூத்தம்பதுக்கு எத்தன ஸ்ட்ரிப்பு சும்மா வருது?"

"பத்து."

"போதும். அதையே குடுங்க."

கோகுலகிருஷ்ணனுக்கு மனசு கேட்கவில்லை. "இந்தக் கம்பெனி ஸ்ட்ரிப்பு இந்த ஊருல என்கிட்ட மட்டுந்தான் இருக்குது. வேற ஸ்ட்ரிப்பு இதுல சேராது. நாளைக்கு என்னையத் திட்டுவீங்க."

"நான் ஏன் திட்டுறேன்? எனக்கு ஒரு குத்துதான் வேணும்."

"ஒரு குத்துக்கா மிஷினு? லேபுல போயிப் பாத்துடலாமே. யாருக்குங்க?"

"வரப்போற மருமவளுக்கு."

"அட! இந்தக் காலத்துல இப்படி ஒரு மாமியாரா!" மனுஷர் உருகிப்போய் முப்பது ரூபாய் குறைத்துக்கொண்டார். எப்படிக் குத்துவது, ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் எப்படித் தொடுவது என்று கடையிலிருந்த வேறொரு மிஷினை வைத்துத் தன் விரலிலேயே செய்து காட்டினார். "மத்ததெல்லாம் உள்ள அட்டையில தமிழ்லயே போட்டிருக்கும்மா, படிச்சுக்குங்க" என்றார்.

கொளஞ்சி பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். அட்டையைப் படிக்க அவளுக்கு எங்கே நேரம்?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை வியாதி என்றால் அவளுக்கு உண்மையிலேயே பயம் உண்டு. அவள் புருஷனுக்குக் கால் பெருவிரலில் வந்த சின்னப் புண் முழங்கால் வரை எடுத்துக்கொண்டு போனது. எடுத்த காலுக்குப் பதினான்கு மாதம் தினம் இரண்டு வேளை அவள்தான் கட்டுப் போட்டாள். அந்த வாடை இன்னும் தன் மூக்கை விட்டுப் போகவில்லை என்று அவள் சொன்னால் நான் நம்புகிறேன். கவிப்ரியாவின் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. ஆனால் அன்றைக்கு அந்தப் பயம் கொளஞ்சிக்கு வசதியாகவும் இருந்தது பாருங்கள், எனக்குக் கோபம் அதில்தான்.

பத்தரை மணிக்கெல்லாம் கருவேப்பிலங்குறிச்சியில் கவிப்ரியாவின் அப்பா விருத்தகிரி வீட்டுக் கூடத்தில் தட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாப்பிள்ளை வரவில்லை. பேச்சுக்கு மாப்பிள்ளை வருகிற வழக்கமில்லை. தவிர, சூளையில் சூடு ஏறுகிற நாளில் அவனால் நகரவும் முடியாது. கொளஞ்சியோடு அவள் பக்கத்துப் பெரியவர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள்.

பேச்சு சுமுகமாக முடிந்தது. வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். அடுத்தது சர்க்கரை.

இவர்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். பேசி முடித்ததும் பெண் தன் வலது கையால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஐந்து பேர் வாயில் சர்க்கரை எடுத்துப் போட வேண்டும். வந்தவர்கள் வாசற்படியைத் தாண்டும்வரை அந்தக் கையைக் கழுவக் கூடாது. கழுவினால் உறவு தங்காது என்பார்கள்.

கவிப்ரியா குனிந்து குனிந்து ஐந்து பேருக்கும் போட்டாள். கடைசியாக வருங்கால மாமியாருக்கு. கொளஞ்சி அதைச் சப்புக்கொட்டி விழுங்கிவிட்டுப் பையைத் திறந்தாள்.

"எல்லாரும் செத்த உக்காருங்க. ஒரு சின்ன வேல பாக்கி இருக்குது."

"என்னா சம்மந்திம்மா அது?" என்றார் விருத்தகிரி.

"சக்கர பாக்குற மிஷினுங்க. எங்க வூட்டுக்காரரு எப்படிப் போனாருன்னு உங்களுக்கே தெரியும். உங்க வூட்டம்மாவுக்கும் இருக்குதுன்னு சொன்னீங்க. பொண்ணுக்கு ஒருதரம் பாத்துட்டா என் மனசு ஆறிடும்."

"அவளுக்கு ஒண்ணும் கெடையாதுங்க. இருவத்தினாலு வயசுதான் ஆவுது" என்றாள் பெண்ணின் அம்மா.

"இல்லன்னா இல்லன்னு காட்டிட்டுப் போவுது. அதுக்கு என்னாத்துக்குப் பயம்?"

கவிப்ரியாவே முன்னால் வந்தாள். "பயமெல்லாம் இல்லீங்க அத்த, பாருங்க. கையக் கழுவிக்கிட்டு வந்துடுறேன், பிசுபிசுன்னு இருக்குது."

"ஏ, நில்லு!" கொளஞ்சிக்குக் கோபம் வந்துவிட்டது. இதில் நடிப்பு இல்லை. வழக்கத்தை மீறுவது அவளுக்கு நிஜமாகவே பிடிக்காது. "நாங்க இன்னும் வாசப்படி தாண்டலம்மா. இதுகூடவா சொல்லிக் குடுக்கல?"

கவிப்ரியா முகம் சிவந்து திரும்பி வந்து உட்கார்ந்தாள். கொளஞ்சி அவள் நடுவிரலைத் தன் முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு ஊசியை வைத்து அழுத்தினாள். ரத்தம் துளிர்த்தது. ஸ்ட்ரிப் அதை உறிஞ்சியது. கூடமே அந்தக் குட்டி மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தது. நூற்றுக்குக் கீழே மட்டும் காட்டிவிடாதே என்று பழமலைநாதரையே வேண்டிக்கொண்டாள் கொளஞ்சி. வேண்டுவதற்கு ஒரு அளவு வேண்டாமா!

முந்நூற்று ஐம்பத்தாறு.

"முந்நூத்தி அம்பத்தாறு" என்று உரக்கப் படித்தாள்.

"ஐயையோ, இந்த வயசுலயா?" என்றது வந்தவர்களில் ஒரு குரல்.

"மிஷினு கோளாறா இருக்கும் சம்மந்திம்மா. இன்னொருதரம் பாருங்க" என்று விருத்தகிரி எழுந்தே விட்டார்.

பார்த்தாள். இந்த முறை ஆள்காட்டி விரல். முந்நூற்று முப்பத்தொன்று.

கொளஞ்சியின் உள்ளுக்குள் ஓடியதைச் சந்தோஷம் என்று சொல்ல எனக்கே கூசுகிறது. ஆனால் அதற்கு வேறு பெயர் கிடையாது.

"மறச்சுத் தலையில கட்டப் பாத்தீங்களே! நல்ல குடும்பம்னு நம்பி வந்தேனே!"

"எனக்குத் தெரியாதுங்க அத்த, சத்தியமாத் தெரியாது. எனக்கு ஒண்ணுமே பண்ணலயே" என்றாள் கவிப்ரியா.

"பண்ணும்மா, பண்ணும். நாளைக்கு உன் வவுத்துல ஒண்ணு உண்டானா அதுக்கும் சேத்துக் குடுப்ப. ஒரு கால அள்ளிக் குடுத்துட்டு வந்தவ நான். இன்னொன்ன எடுத்துச் சொமக்க எனக்குத் தெம்பில்ல." மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "தட்ட எடுங்க, போவலாம்."

விருத்தகிரி வாசல்வரை கும்பிட்டுக்கொண்டே வந்தார். "பெரிய டாக்டருகிட்டக் காட்டுறேங்க, வைத்தியம் பாத்துக்கலாங்க, வெளிய மட்டும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினார். எதிர்வீட்டுக்காரி தன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். கொளஞ்சி அவளுக்குக் கேட்கட்டும் என்றே, "சக்கரைக்கு ஏதுங்க வைத்தியம்?" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

எல்லோரும் போனபிறகும் கவிப்ரியா வலது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். இனி அந்தக் கையைக் கழுவலாமா கூடாதா என்று அவளுக்குச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

பஸ்ஸிலேயே தம்பிக்குப் போன் போட்டாகிவிட்டது. "அடுத்த முகூர்த்தத்துலயே வெச்சுக்கலாண்டா" என்று சிரித்தும் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து மிஷினைப் பெட்டியில் வைக்கப் போனபோதுதான் அந்த அட்டை கையில் தட்டுப்பட்டது.

படம் போட்டிருந்தது. குழாயடியில் இரண்டு கைகள். கீழே தமிழில்: 'முதலில் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்கவும். இனிப்பு, பழம் முதலியவற்றைத் தொட்ட விரலில் சோதித்தால் அளவு தவறாக, மிக அதிகமாகக் காட்டும்.'

கொளஞ்சி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவில் விரலை விட்டு எடுத்து, முந்தானையில் துடைத்துக் குத்திப் பார்த்தாள். முந்நூற்று நாற்பத்திரண்டு. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினாள். நூற்றுப் பன்னிரண்டு.

அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு மனசாட்சியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தது. ஒரு நிமிஷம் இருந்தது. விருத்தகிரியின் நம்பரைப் போனில் எடுத்துக்கூட வைத்துக்கொண்டாள். கூப்பிட்டால் என்ன சொல்வது? நாலு பேர் முன்னால் நான் தப்பாகக் குத்திவிட்டேன் என்றா? பெண்ணாடத்தில் இந்நேரம் தம்பி வீட்டில் பாயசம் வைத்திருப்பார்களே! போனைக் கவிழ்த்து வைத்தாள். அட்டையை நாலாகக் கிழித்து வெங்காயத் தோலோடு குப்பையில் போட்டாள்.

இரண்டு மணிக்குத் தமிழ்செல்வன் சூளையை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் புயல் மாதிரி நுழைந்தான். சொம்பு நிறையத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தான்.

"என்னாம்மா பண்ணிட்டு வந்திருக்க? அவ போன்ல அழுவுறா. பேச்சே வரல அவளுக்கு."

"நான் என்னாடா பண்ணேன்? மிஷினு சொல்லிச்சு. ரெண்டு தடவ சொல்லிச்சு."

"ஐநூறு ரூவா மிஷினு! அது பொய்தான் சொல்லும்."

"பொய் சொல்லாது."

"சொல்லுது! என் கையில குத்து. எனக்கும் ஏதாவது கண்டபடி காட்டும், பாரு. அப்ப ஒத்துக்குறியா?"

சூளை வேலைக்காரன் கை. களிமண்ணும் தூசியும் போக முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து நீட்டினான். கொளஞ்சிக்கு உள்ளூர நிம்மதியாகவே இருந்தது. கழுவின கை, சரியாகத்தான் காட்டும், வாய் அடைபடும் என்று நினைத்தாள்.

இருநூற்று எண்பத்தாறு.

மகனை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு மாதமாகப் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறான். ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகிறான். காதல் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே பாவி! புருஷனுக்கும் இப்படித்தான், முதலில் தாகம்.

"எவ்ளோ?" என்று எட்டிப் பார்த்தான் மகன்.

மிஷினை மார்போடு திருப்பிக்கொண்டாள். மகனுக்குச் சர்க்கரை என்று இன்றைக்கு வெளியே தெரிந்தால் மோகனப்பிரியாவும் கிடையாது, வேறு எவளும் கிடையாது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும்?

"நூத்திப் பத்து. நல்லா இருக்குது."

தமிழ்செல்வன் முகம் விழுந்துவிட்டது. மிஷின் பொய் என்பது ஒன்றுதான் அவனுக்கு மிச்சமிருந்த பிடி. அதையும் அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"அப்ப அவளுக்கு... நெசமாத்தானாம்மா?"

"நெசந்தாண்டா. வா, சாப்புடு."

அவன் தட்டில் எப்போதும்போல மூன்று கரண்டி சோறு வைத்தாள். குறைத்தால் ஏன் என்று கேட்பான். அவன் பிசைந்து பிசைந்து பாதியைத் தின்றான். அவன் அழுததையும் பார்த்துக்கொண்டு, குழம்பு வேண்டுமா என்றும் கேட்டாள்.

ஐந்தரை மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றியது கவிப்ரியா. தனியாகத்தான் வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"லேபுல பாத்துட்டு வரேங்க. தொண்ணூத்தெட்டுதான். மூணு மாசத்து சராசரி சக்கரைக் கணக்கும் சரியா இருக்குதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

கொளஞ்சி காகிதத்தைத் தொடவில்லை. "ரிப்போர்ட்டு யாரு வேணும்னாலும் அடிச்சுத் தருவாங்க."

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும். உங்க மிஷினுலயே பாருங்க."

"ஸ்ட்ரிப்பு தீந்துபோச்சு."

பெட்டிக்குள் இன்னும் ஐந்து இருந்தன. வாய் கூசாமல் சொன்னாள்.

கவிப்ரியா தன் பையிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இந்த மிஷினுக்கு உண்டானதுதான். காலையில பொட்டிமேல கம்பெனி பேரப் பாத்தேன். கடைக்காரருகிட்ட என்ன வெவரம்னு கேட்டேன். உங்களமாதிரி மாமியாரு கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்னு சொன்னாருங்க."

தமிழ்செல்வன் உள்ளே போய் மிஷினை எடுத்துவந்தான்.

"இப்பக் கழுவலாங்களா அத்த?"

கவிப்ரியா குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவினாள். பத்து தடவை கழுவினாள் என்றே சொல்லலாம். துடைத்துக்கொண்டு வந்து தமிழ்செல்வனிடம் விரலை நீட்டினாள்.

தொண்ணூற்று மூன்று.

"அம்மா!" என்று கத்தினான் தமிழ்செல்வன். "பாரும்மா, தொண்ணூத்தி மூணு! காலையில என்னா குத்துன நீ?"

"சர்க்கரைக் கையோட குத்துனாங்க" என்றாள் கவிப்ரியா. "லேபுல இருக்குற அக்கா கேட்ட மொதக் கேள்வியே, கையக் கழுவினியான்னுதான். கழுவுறேன்னு நான் சொன்னேன். இவங்கதான் விடல."

"எனக்கு என்னாடா தெரியும்? வழக்கத்தச் சொன்னேன்" என்றாள் கொளஞ்சி. பிறகு சட்டென்று குரலைக் குழைத்துக்கொண்டாள். "சரி, நல்லதாப் போச்சு. கடவுளே காப்பாத்துனாரு. நாளைக்கே தட்டோட வரேன்னு அப்பாகிட்டச் சொல்லும்மா."

"எங்கப்பா இன்னைக்கு உங்க கால்ல விழாத குறையாக் கும்பிட்டாரு. எதிர்த்த வூட்டுல கேட்டுட்டு, சாயந்தரத்துக்குள்ள எங்கம்மாகிட்ட நாலு பேரு துக்கம் விசாரிச்சுட்டாங்க. அதையெல்லாம் எந்தத் தட்டுல வெச்சுக் கொண்டாருவீங்க?" அவள் தமிழ்செல்வன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குப் பாத்தாங்களா?"

"பாத்தாங்களே. மத்தியானம். நூத்திப் பத்து."

"எனக்கு நாலு பேரு முன்னாடி பாத்தாங்க. உங்களுக்கு என் முன்னாடி ஒருதரம் பாக்கலாங்களா?"

அவன் சிரித்தே விட்டான். அன்றைக்கு அவன் முதல் சிரிப்பு. "இவ்ளோதான? பாரு, பத்து விரலுலயும் பாரு." கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"வேணாம்!" என்று கொளஞ்சி போட்ட சத்தத்தில் இருவரும் திரும்பினார்கள். "சாப்புட்டிருக்கான். இப்பப் போயி..."

"எனக்கும் காலையில சாப்பாட்டுக்கு அப்பறந்தாங்க குத்துனீங்க" என்று சொல்லிக்கொண்டே கவிப்ரியா ஸ்ட்ரிப்பைச் சொருகினாள்.

"குடு, நானே குத்துறேன். உனக்கு வராது." கொளஞ்சி மிஷினைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். மகன் விரலில் ஊசியை வைத்தபோது, மாறித் தொலையட்டும், ஒருதரம் மாறித் தொலையட்டும் என்று வேண்டினாள். காலையில் ஏறட்டும் என்று வேண்டிய அதே சாமியிடம் இப்போது இறங்கட்டும் என்று கேட்டாள்.

ஐந்து எண்ணுவதற்குள் வந்துவிட்டது. முந்நூற்று நான்கு.

தமிழ்செல்வன் கால்கள் எதிரே நீட்டிக் கிடந்தன. இரண்டும் முழுசாக இருந்தன. கொளஞ்சி அவற்றைத்தான் பார்த்தாள். பதினான்கு மாதம் கட்டுப் போட்டவளுக்கு அதற்குமேல் யார் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்? இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கே மாத்திரை ஆரம்பித்துவிடலாம். பிள்ளை பிழைத்துக்கொள்வான்.

"நூத்திப் பத்து" என்றாள்.

"நாந்தான் சொன்னேனே" என்று அவன் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டான்.

கவிப்ரியா கொளஞ்சியின் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். அவள் முகத்தில் அதுவரை இருந்த கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பயந்துபோய் அவனையே பார்த்தாள். பிறகு கொளஞ்சியின் கையை, மிஷினோடு சேர்த்து, மெதுவாகப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, உங்க புள்ள அவரு. அதுல என்ன போட்டிருக்குதுன்னு இன்னொருதரம் படிங்க."

தமிழ்செல்வன் இன்னும் சிரித்துக்கொண்டேதான் அம்மாவைப் பார்த்தான்.